இளையோர் பாரிசவாதமும் இனத்தின்மேற் பழியும்

பாரிசவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழுவது ஒரு முதியவரின் உருவமேயாம். நரைத்த தலையும், சாய்மனைக் கதிரையும், அசைவற்ற ஒரு கையும், குழறும் நாவும் சேர்ந்த அவ்வுருவத்தை முதுமையின் இயல்பென்று கொண்டு, இளமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்று நாம் இருந்துவிடுகின்றோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபடுதலாலோ வெடித்தலாலோ உண்டாவது இந்நோய். அக்குழாய் தன்னை உடையவரின் பிறந்த ஆண்டைக் கேட்டுக்கொண்டு அடைபடுவதில்லை. இருபதிலும் முப்பதிலும் நாற்பதிலும் இந்நோயால் வீழ்வோர் உளர். எழுபதில் வீழ்ந்தவர் தம் கடமைகளுட் பெரும்பாலனவற்றை முடித்தவர். முப்பத்தைந்தில் வீழ்ந்தவரோ, பள்ளிக்குப் போகத் தொடங்காத பிள்ளையையும் அடைத்து முடியாத கடனையும் உடையவர். அவர்க்கு முன்னே இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை கிடக்கின்றது. அதனை ஒரு கையோடும் பாதிச் சொல்லோடும் வாழவேண்டியவராகின்றார்.

இது வெறும் அச்சவுரையன்று. ஐக்கிய அமெரிக்காவிலே சின்சினாற்றி நகரையும் அதனையடுத்த வட கென்ரக்கிப் பகுதியையும் சேர்ந்த ஐந்து மாவட்டங்களில், ஏறத்தாழ 13 இலட்சம் மக்களிடையே நிகழும் பாரிசவாதத்தை ஆராய்ச்சியாளர் பல காலமாகக் கணக்கிட்டு வருகின்றனர். 1993-94ஆம் ஆண்டுக் கணக்கில் இந்நோயுற்றோருள் நூற்றுக்கு 12.9 பேர் 55 வயதுக்குட்பட்டோர். 2005ஆம் ஆண்டில் அத்தொகை 18.6 ஆயிற்று. நோய் வரும் சராசரி வயதும் 71.2இலிருந்து 69.2 ஆகக் குறைந்தது. மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் பெருகியமையால் முன்னர் அறியப்படாதிருந்தவை இப்போது அறியப்படுகின்றன என்று ஒரு பங்கு கழித்துக்கொண்டாலும், எஞ்சியிருப்பது சிறிதன்று.

இனி, இளமையில் வீழ்வோர் யாவர் என்று பார்க்கும்போது கணக்கு வேறொரு திசையைக் காட்டுகின்றது. அதே சின்சினாற்றிப் பகுதியைப்பற்றி 2004இல் வெளியான ஆய்வின்படி, 65 வயதுக்குட்பட்ட கறுப்பின மக்களுக்கு இந்நோய் வருதல் அவ்வயது வெள்ளையரிலும் இரு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை மிகுதி. நியூயோர்க் நகரின் வட மன்ஹற்றன் பகுதியில் 20 முதல் 44 வயதுவரையுள்ளோரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டவர்களும், கறுப்பினத்தவர்க்கும் ஸ்பானிய மொழி வழியினர்க்கும் வெள்ளையரிலும் இரு மடங்குக்கு மேலான இடர் உண்டென்றே கண்டனர். நாடு முழுவதிலுமிருந்து 45 வயதுக்கு மேற்பட்ட 30,239 பேரை 2003 முதல் 2007 வரை சேர்த்துத் தொடர்ந்து கண்காணித்த பேராய்வொன்று, 45 முதல் 54 வரையுள்ள வயதில் கறுப்பினத்தவரின் நோய்த்தொகை வெள்ளையரதைப்போல் நான்கு மடங்கு என்று 2011இல் தெரிவித்தது. அதே ஆய்வில் 85 வயதைக் கடந்தோரிடையே இவ்வேற்றுமை மறைந்தது மட்டுமன்றி, வெள்ளையர் பக்கமே சிறிது மிகுந்தும் காணப்பட்டது.

ஆகவே வேற்றுமை உண்டு. அதுவும் இளமையிலேதான் மிகப் பெரிதாக உண்டு. இதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் இதற்குக் காரணம் யாதென்பதிலேயே. ஒரு சாரார், ‘அவர்கள் குருதியே அத்தகையது’ என்று கூறி அமைவர். மற்றொரு சாரார், ‘அவர்கள் வாழவிடப்பட்ட வாழ்வே அத்தகையது’ என்பர். யாம் வைத்தியர் அல்லேம்; தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டேம். எனினும் ஒரு சொல் எங்கே சுட்டுகின்றது, எங்கே விளக்குகின்றது என்று பிரித்தறிவது எம் தொழிலின் ஒரு பகுதியே. இனம் என்னும் சொல் ஒரு கூட்டத்தைச் சுட்டும் பெயர். நோய் யாரிடத்தில் மிகுந்திருக்கின்றது என்று காட்ட அப்பெயர் உதவும்; ஏன் மிகுந்தது என்ற வினாவுக்கு அதுவே விடையாகாது. பெயரைக் காரணமாகக் கொள்ளுதல் தர்க்கத்திற் பிழை. வைத்தியத்திலோ அது உயிர்ப்பிழையாய் முடியும். இதுவே ஈண்டு யாம் நிறுவ விழைவது.

முதலில் வயதுபற்றிய செய்தியை எடுத்துக்கொள்வோம். இளமையில் நான்கு மடங்காயிருந்தது முதுமையில் இல்லாது போனமைக்கு, வலியிழந்தோர் முன்னரே இறந்துபட வலியோரே எஞ்சினர் என்று ஒரு விளக்கம் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்விளக்கம் முதல் வினாவை அப்படியே விட்டுவிடுகின்றது. நாற்பது வயதிலே அக்குழாய்கள் அறுபது வயதுக் குழாய்கள்போல் ஆனதெவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் முதலிற் காண்பது, மக்கள் ‘பிறஷர்’ என வழங்கும் இரத்த அழுத்தத்தையே.

இரத்த அழுத்தம் மிகுந்து நிற்குமாயின் குழாயின் சுவர் தடிக்கின்றது, உள்வழி சுருங்குகின்றது, மூளையின் உள்ளாழத்தில் ஓடும் நுண்ணிய குழாய்கள் முதலிற் கெடுகின்றன. இது ஒருநாளில் நிகழ்வதன்று. பத்து, பதினைந்து ஆண்டுகள் நோவின்றி, காய்ச்சலின்றி, யாதொரு அறிகுறியுமின்றி நிகழ்வது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே இவ்வழுத்தம் இளவயதிலேயே தொடங்குகின்றது. ஆகவே நாற்பதாம் வயதை அடையும்போது அவர்தம் குழாய்கள் பல ஆண்டுச் சுமையைத் தாங்கியனவாயிருக்கின்றன. முற்கூறிய பேராய்வினர் 2013இல் வெளியிட்ட மற்றொரு கணக்கும் ஈண்டு நினைக்கத்தக்கது. மேலழுத்தம் 10 மில்லிமீற்றர் ஏறுமிடத்து, வெள்ளையர்க்கு நோயிடர் நூற்றுக்கு 8 பங்கு ஏறுகின்றது. கறுப்பினத்தவர்க்கோ 24 பங்கு ஏறுகின்றது. ஒரே அளவு ஏற்றம் மூன்று மடங்கு தீங்கு செய்கின்றது.

‘அப்படியாயின் அவ்வழுத்தம் குருதியில் வந்ததன்றோ?’ என்று வினவுவார் உளர். இதற்குச் சிக்காகோவிலுள்ள லொயோலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிச்சட் கூப்பரும் அவர் கூட்டத்தாரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விடையாகும். மேற்கு ஆபிரிக்க வழியினரான ஏழு மக்கட் கூட்டத்தாரை ஒரே முறையில் அளந்து பார்த்தனர். மேற்கு ஆபிரிக்காவில் வாழ்வோருள் நூற்றுக்கு 16 பேர்க்கும், கரிபியன் தீவுகளில் வாழ்வோருள் 26 பேர்க்கும், ஐக்கிய அமெரிக்காவில் வாழ்வோருள் 33 பேர்க்கும் உயர் அழுத்தம் இருந்தது. மூதாதையர் ஒருவழியினர், வாழும் இடமே வேறு. இடம் மாற மாற எண் படிப்படியாக ஏறுகின்றது. அவரே 2005இல் வெள்ளையர் நாடுகளையும் சேர்த்து ஒப்பிட்டபோது, ஆபிரிக்க வழியினரிடையே இத்தொகை நூற்றுக்கு 14 முதல் 44 வரையும், வெள்ளையரிடையே 27 முதல் 55 வரையும் பரந்து கிடக்கக் கண்டார். மிகக் குறைந்த எண் நைஜீரியாவினது. மிகக் கூடிய எண் ஜேர்மனியினது. நிறத்தைக் காரணமென்போர் இவ்விரு எண்களுக்கும் என்ன சமாதானம் கூறுவர்?

அடிமைக் கப்பல்களின் கதையொன்றும் நெடுநாள் உலவியது. அட்லாண்டிக் கடலைக் கடக்கையில் தாகத்தாலும் கழிச்சலாலும் பலர் மாண்டனர் என்றும், உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் இயல்புடையோரே பிழைத்தனர் என்றும், அவ்வியல்பே இன்று அவர் வழியினரின் இரத்த அழுத்தமாயிற்று என்றும் கூறினர். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும் கதை. அடிமை வாணிகத்தின் வரலாற்றைத் துருவியாராய்ந்த பிலிப் கேர்ட்டின் என்னும் வரலாற்றறிஞர், கிடைத்துள்ள சான்றுகள் இக்கதைக்குத் துணைசெய்யவில்லை என்று 1992இல் எழுதினார். பொருத்தமான கதை வேறு, மெய்யான வரலாறு வேறு என்பதை மாணவர் இவ்விடத்திற் கற்றுக்கொள்ளலாம்.

யப்பான் நாட்டின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. 1951 முதல் 1980 வரை அந்நாட்டு மக்களின் மரணத்துக்கு முதற் காரணமாய் நின்றது பாரிசவாதமே. 1965ஐ அண்டிய காலத்தில் உலகிலேயே மிகுதியாக இந்நோயால் மாண்டோர் யப்பானியர். அவர்தம் குருதியே அத்தகையது என்று யாரேனும் அப்போது கூறியிருந்தால் மறுப்பது எளிதன்று. ஆனால் அந்நாட்டு அரசாங்கமும் வைத்தியரும் உப்பைக் குறைக்கவும், ஊர்தோறும் அழுத்தத்தை அளக்கவும், மருந்து கொடுக்கவும் முற்பட்டனர். 1990ஐ அடையுமுன் அம்மரணத்தொகை நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வீழ்ந்தது. ஹவாய்த் தீவில் குடியேறிய யப்பானியரை 1965 முதல் ஆராய்ந்தோரும், தாயகத்திலிருந்த தம் இனத்தவரிலும் அவர்க்கு இந்நோய் குறைவென்று கண்டனர். இருபத்தைந்து ஆண்டில் ஓர் இனத்தின் குருதி மாறிவிடாது. மாறியன உப்புச் சாடியும் வைத்தியமுமே.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 45 முதல் 65 வரையுள்ள வயதிற் காணப்படும் இன வேற்றுமையில், ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கை இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், இருதய நோய் முதலிய பழகிய காரணங்களே விளக்கிவிடுகின்றன என்றும், அதிற் பாதி அழுத்தத்தினாலேயே என்றும் அப்பேராய்வினர் 2011இற் கணித்தனர். எஞ்சிய பங்கு எங்கேயுள்ளது? அது ‘குருதி’ என்று எழுதி மூடப்படவேண்டிய வெற்றிடமன்று. அந்நாட்டின் தென்கிழக்கிலே கரோலைனா, ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி முதலிய மாநிலங்களைப் பாரிசவாத வளையம் என்று 1960கள் தொட்டு வழங்குகின்றனர். அங்கே வாழும் வெள்ளையரும் பிறவிடத்து வெள்ளையரிலும் மிகுதியாக இந்நோயால் மாள்கின்றனர். மண்ணும் உணவும் வறுமையும் வைத்தியவசதியும் நிறம் பாராது தாக்கும். ஆனால் எந்நிறத்தார் அவற்றின் நடுவே அதிகமாக வைக்கப்பட்டனரோ அந்நிறத்தாரை அதிகமாகத் தாக்கும்.

‘அவர்கள் கவனமற்றவர்கள், மருந்துண்ணார்’ என்றொரு பழியும் உண்டு. இதனையும் கணக்கு மறுக்கின்றது. அதே ஆய்வினர் 2006இல் தெரிவித்தபடி, தமக்கு அழுத்தம் உண்டென்று அறிந்திருப்பதிலும், அதற்கு மருந்து பெறுவதிலும் கறுப்பின மக்கள் வெள்ளையரை விஞ்சியே நின்றனர். மருந்துண்டும் அழுத்தம் அடங்காமையிலேதான் அவர்கள் பின்தங்கினர். அறிவும் விருப்பமும் இருந்தும் பயன் கிட்டாதெனின், குறை நோயாளியிடமா, அவர்க்குக் கிடைத்த வைத்தியத்திடமா என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பிறப்போடு வரும் காரணம் ஒன்றுமே இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல் வளையும் அரிவாட்கல நோய் அத்தகையது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது. கறுப்பினக் குழந்தைகளிடையே மிகுதி. அந்நோயுற்றோருள் நூற்றுக்கு 11 பேர் இருபது வயதை அடையுமுன் பாரிசவாதத்துக்கு ஆளாகின்றனர் என்று 1998இற் கணக்கிட்டனர். ஆயினும் இந்நோய்கூட நிறத்தின் சொத்தன்று. கிரேக்க நாட்டிலும் அராபியாவிலும் இது உண்டு. தமிழ்நாட்டு நீலகிரி மலைவாழ் பழங்குடியினரிடையே இது இருப்பதை 1952இற் கண்டறிந்தனர். மலேரியாக் காய்ச்சல் மலிந்த நாடுகளில், இவ்வியல்பை ஒரு பெற்றோர் வழி மட்டும் பெற்ற குழந்தை அக்காய்ச்சலுக்குத் தப்புகின்றது என்று அந்தனி அலிசன் 1954இல் நிறுவினார். ஆகவே இந்நோய் எங்கெங்கே பரவியது என்பதை வகுத்தது தோலின் நிறமன்று, நுளம்பு.

பிறப்போடு வந்தமையால் தடுக்கமுடியாததும் அன்று. குழந்தையின் மூளைக் குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலைக் கருவியால் அளந்து, இடர் மிகுந்த குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்றினால், முதற் பாரிசவாதம் நூற்றுக்கு 92 பங்கு குறையும் என்று 130 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 1998இற் காட்டியது. வைத்திய உலகில் இத்துணைத் தெளிவான வெற்றி அரிது. இருபத்தொரு ஆண்டு கழிந்து, 2019இல், அமெரிக்காவில் அரச மருத்துவக் காப்புறுதியின்கீழ் இருந்த அந்நோய்க் குழந்தைகளை எண்ணிப் பார்த்தபோது, 2 முதல் 9 வயதுவரையுள்ளோரில் நூற்றுக்கு 47 பேர்க்கும், 10 முதல் 16 வரையுள்ளோரில் 38 பேர்க்குமே அவ்வாண்டில் அப்பரிசோதனை செய்யப்பட்டிருந்தது. நோய் குருதியில் வந்தது என்பது மெய். பரிசோதனை கிடைக்காமை எக்குருதியில் வந்தது?

இனி, ஒரு முக்கியமான விவாதம். ஒருவர்க்கு இருதய நோயும் பாரிசவாதமும் வரக்கூடிய இடரைக் கணிக்க அமெரிக்க வைத்தியர் 2013 முதல் ஒரு சூத்திரத்தை வழங்கினர். அது நாற்பது வயதிலே தொடங்கியது. கறுப்பினத்தவரா, வெள்ளையரா என்றும் கேட்டது. 2023இல் வெளியான புதிய சூத்திரம் முப்பது வயதிலே தொடங்குகின்றது, இனத்தைக் கேட்பதில்லை, வேண்டுமாயின் அவர் வாழும் பகுதியின் வறுமை நிலையைக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. இதனை எதிர்ப்போர் உளர். ‘இனத்தைக் கேளாதுவிட்டால் மெய்யாகவே இடர் மிகுந்தோரை இனங்காணாது விட்டுவிடுவோமே’ என்பது அவர் கவலை. அக்கவலை நியாயமற்றதன்று, இனவாரியான கணக்கு எடுக்கப்படாதிருந்தால் நான்கு மடங்கு என்ற உண்மையே வெளிவந்திராது.

எம் கருத்து இது. ஊரை எண்ணும்போது இனத்தையும் எழுதுக. ஆளைப் பார்க்கும்போது அவர் அழுத்தத்தையும், சீனியையும், உண்பதையும், வாழுமிடத்தையும் எழுதுக. முன்னது, அநீதி எங்கேயுள்ளது என்று காட்டும் விளக்கு. பின்னது, அந்த மனிதனைக் காக்கும் வழி. எண்ணுவதற்குக் கொண்ட பெயரைக் காரணமாக்கிவிட்டால், வைத்தியன் கைகழுவவும், அரசன் பணத்தை மிச்சப்படுத்தவும், நோயாளி நம்பிக்கையிழக்கவும் அப்பெயரே துணைபோகும்.

காரணம் வாழ்விலேயெனின் மாற்றும் வாழ்வினிடத்தேயே செய்யப்படல் வேண்டும். இதற்கு லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் றொனால்ட் விக்டர் என்னும் வைத்தியர் நடாத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வினும் அழகிய சான்று இல்லை. வைத்தியசாலையை நாடாத கறுப்பின ஆடவர், மாதந் தவறாது சிகையலங்கார நிலையத்துக்கு வருவர் என்று அவர் கண்டார். 52 நிலையங்களில், அழுத்தம் மிகுந்த 319 பேரைச் சேர்த்தார். ஒரு பகுதியார்க்கு, பயிற்சிபெற்ற மருந்தாளர் நிலையத்துக்கே வந்து அழுத்தத்தை அளந்து, அவர்தம் வைத்தியரின் உடன்பாட்டோடு மருந்தும் கொடுத்தார். மறுபகுதியார்க்கு, சிகையலங்கரிப்போர் ‘உப்பைக் குறையுங்கள், வைத்தியரைப் பாருங்கள்’ என்று புத்தி கூறினர். ஆறு மாதத்தில் முதற் பகுதியாரின் மேலழுத்தம் 27 மில்லிமீற்றர் இறங்கியது, மறுபகுதியாரதோ 9.3 மட்டுமே இறங்கியது. 130க்கு 80 என்னும் எல்லைக்குக் கீழே வந்தோர் முதற் பகுதியில் நூற்றுக்கு 63.6 பேர், மறுபகுதியில் 11.7 பேர். இரு பகுதியாரும் ஒரே இனத்தவர். மருந்து அவர் இருக்குமிடத்துக்கு வந்ததா, வரவில்லையா என்பதே வேற்றுமை. வெறும் உபதேசத்தின் பலம் எவ்வளவு என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. உபதேசத்தைத் தொழிலாகக் கொண்ட எம்போல்வார் இதனைப் பணிவோடு ஏற்றுக்கொள்ளல் தகும்.

நோய் வந்த பின்னும் இளையோரை ஓர் இடர் தொடர்கின்றது. ‘இந்த வயதில் பாரிசவாதமா?’ என்ற எண்ணம் வீட்டாரை மட்டுமன்றி வைத்தியரையும் ஏமாற்றுகின்றது. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளைப்பற்றி 2014இல் வெளியான ஆய்வொன்று, 18 முதல் 44 வயதுவரையுள்ளோரின் பாரிசவாதம் வேறொன்றாகக் கருதப்பட்டு வீட்டுக்கனுப்பப்படும் வாய்ப்பு, 75 வயதைக் கடந்தோரதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கண்டது. பெண்களுக்கும் சிறுபான்மை இனத்தவர்க்கும் அவ்வாய்ப்பு மேலும் மிகுதி. அடைப்பைக் கரைக்கும் மருந்து 1996 முதல் அந்நாட்டில் வழங்கப்பட்டு வருகின்றது. அது நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துள் ஏற்றப்படல் வேண்டும். பெருங்குழாய் அடைபட்டுச் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. ஆதலின் முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், சொல் குழறுதல் என்னும் மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும், வயதைப் பாராது வைத்தியசாலைக்கு ஓடுக. படுத்தெழும்பினால் மாறிவிடும் என்று காத்திருத்தல் கூடாது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று கருதவேண்டா. தென்னாசிய வழியினராகிய நாமும் புலம்பெயர்ந்த நாடுகளில் இத்தகைய கணக்கில் ஒரு பெயராக எழுதப்பட்டுள்ளோம். பிரித்தானியாவில் தென்னாசியர்க்கு நீரிழிவு வெள்ளையரிலும் இளவயதில், மெலிந்த உடலிலும் வருகின்றது. ஆதலின், உடல் நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் 25ஐ எட்டும்போது மற்றையோர்க்குக் கூறப்படும் எச்சரிக்கையை, தென்னாசியர்க்கு 23இலேயே கூறவேண்டும் என்று 2013இல் அந்நாட்டில் வகுத்தனர். எண்ணுவதற்கு இனத்தைக் கொண்டமையால் விளைந்த நன்மை இது. அதே வேளையில், ‘சீனி வருத்தம் எங்கள் பரம்பரைச் சொத்து’ என்று சிரித்துக்கொண்டு மூன்றாம் முறை சோறு போட்டுக்கொள்வதும் நம்மவரிடையே உண்டு. பெயரைக் காரணமாகக் கொண்டமையால் விளைந்த தீமை இது. பிறர் நம்மேல் ஏற்றும் விதியிலும் நாமே நம்மேல் ஏற்றிக்கொள்ளும் விதி கொடிது.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்களே, உங்களுட் பலர் வைத்தியராயும் தாதியர் குடும்பத்தினராயும் மருந்தாளராயும் இந்நாட்டிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் இருக்கின்றீர்கள். கல்லூரிக்குக் கட்டடம் அமைத்தீர்கள். நூலகத்துக்கு நூல் ஈந்தீர்கள். இனி, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலும் துடுப்பாட்டப் போட்டி நாளிலும், தேநீர் மேசைக்கு அருகே இன்னொரு மேசையையும் இட்டு, அழுத்தம் அளக்கும் கருவியொன்றை அதன்மேல் வைத்துவிடுங்கள். அளந்து, எண்ணை எழுதிக் கொடுத்து, மிகுந்தவரை அடுத்த கிழமை யாரிடம் செல்லவேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பழைய மாணவனும் தன் எண்ணை அறிந்திருத்தல், தன் பரீட்சைப் பெறுபேற்றை அறிந்திருத்தலிலும் பயனுடையது.

மாணவர்களே, உங்களுட் சிலர் நாளை வைத்தியக் கல்லூரிக்குச் செல்வீர்கள். ஏட்டிலே இனம் என்ற தலைப்பின்கீழ் எண்களைக் காணும்போது, அங்கே நின்றுவிடாது, அவ்வெண்ணுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் அளக்கப்படாத அழுத்தம் இருந்தது, எத்தனை மைல் தொலைவில் வைத்தியசாலை இருந்தது, மருந்தின் விலை எத்தனை நாட் கூலியாய் இருந்தது என்று கேளுங்கள். நாற்பது வயதில் வீழும் மனிதன் தன் இனத்தால் வீழ்வதில்லை. முப்பதிலே அவன் கையைப் பிடித்து அளந்து பார்க்க ஒருவர் இல்லாமையால் வீழ்கின்றான். அந்த ஒருவராய் இருக்க வல்லவர் நம் கல்லூரியிலிருந்து பலர் எழுக.